யாரும் கொண்டுவந்து விட வேண்டாத ஊர்

சிங்கப்பூருக்குக் குடிவந்த பிறகு ஊரிலிருந்து பேசும் உறவினர்கள், சம்பளத்தையும் வீட்டையும் விசாரித்து முடித்தவுடன், "கார் வாங்கியாச்சா?" என்ற கேள்விக்கு வந்துவிடுவார்கள். வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை என்று நாங்கள் சொல்லும்போது, ஏதோ இயலாமையை மறைத்துப் பேசுகிறோம் என்று அவர்கள் நினைப்பது குரலிலேயே தெரியும். இங்கே கார் வைத்துக்கொள்வது எளிதல்ல என்பது உண்மைதான். வண்டியின் விலையோடு, அதைப் பத்து ஆண்டுகள் சாலையில் ஓட்டும் உரிமைக்கென்று ஏலத்தில் ஒரு சான்றிதழும் எடுக்க வேண்டும். 1990 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த வாகன உரிமைச் சான்றிதழின் விலை, 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு ஒன்றரை லட்சம் வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தொட்டது. ஆனால் எங்கள் முடிவுக்குக் காரணம் விலை மட்டுமல்ல. கார் இல்லையே என்ற குறையை இந்த ஊரில் நாங்கள் உணர்ந்ததே இல்லை. எங்களை அப்படி உணர விடாத ரயிலுக்கும் பேருந்துக்கும், அவற்றை ஓட்டுகிறவர்களுக்கும் பழுது பார்க்கிறவர்களுக்கும், என் கணவரும் நானும் நெடுநாளாகச் சொல்ல நினைத்திருந்த நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். திருமணமான புதிதில் நான் வெளியே போக வேண்டுமானால் அவருடைய மோட்டார் சைக்கிள்தான். கடைத்தெருவுக்கோ, அம்மா வீட்டுக்கோ, பல் மருத்துவரிடமோ, எங்கே போவதாக இருந்தாலும் "கொண்டுபோய் விடுங்கள்" என்று தொடங்கி "எத்தனை மணிக்கு வந்து கூட்டிப்போவீர்கள்" என்று முடியும் ஒரு பேச்சு இல்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அவர் முகம் சுளித்து மறுத்ததாக நினைவில்லை. இருந்தாலும் வேலையிலிருந்து களைத்து வந்து உட்காரும் மனிதரை எழுப்ப வேண்டியிருக்கிறதே என்ற தயக்கத்திலேயே நான் போகாமல் விட்ட இடங்கள் நிறைய. அவர் பக்கத்திலும் ஒரு சுமை இருந்தது என்பதை இங்கே வந்த பிறகுதான் மனம்விட்டுச் சொன்னார். மனைவி எங்காவது போயிருந்தால் கூட்டிவரும் நேரம் வரை தன் நேரம் தனக்கில்லை என்ற உணர்வு அவருக்கு எப்போதும் இருந்திருக்கிறது. எங்கள் ஊரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே நகரப் பேருந்துகள் உண்டு. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது, என் தங்கை அதில்தான் தினமும் வேலைக்குப் போய்வருகிறாள். ஆனால் நாங்கள் அங்கே இருந்தது, அகலப்பாதைப் பணிக்காக எங்கள் வழியாக ஓடிய ரயில் ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருந்த காலத்தில். இருட்டிய பிறகு எந்தப் பேருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத சாலையோரத்தில் ஒரு பெண்ணைத் தனியே நிற்கவைக்க எந்தக் குடும்பமும் துணியவில்லை.

இங்கே நாங்கள் இருப்பது செங்காங்கில், இலகு ரயிலின் ரும்பியா நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஓர் அடுக்குமாடியில். புளோக்கின் அடியிலிருந்து நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. வெயிலோ திடீர் மழையோ, குடையில்லாமல் போய்விடலாம். இலகு ரயில் எங்களைச் செங்காங் நிலையத்தில் விடும். அங்கிருந்து வடகிழக்குத் தடத்தின் பெருவிரைவு ரயிலில் சிராங்கூன் வரை சேர்ந்தே போவோம். சிராங்கூனில் வட்டத் தடத்துக்கு மாறும்போது எங்கள் பாதைகள் பிரிகின்றன. அவர் ஒன்-நார்த் பக்கம் போகும் ரயிலைப் பிடிக்கிறார், நான் எதிர்த் திசையில் தை செங்குக்குப் போகிறேன். காலையில் ஒருவரையொருவர் அவசரப்படுத்தாமல், குழந்தையின் பள்ளி, வாங்க வேண்டிய சாமான், ஊரில் யாருக்கு உடம்புக்கு என்ன என்பது வரை அந்த ரயிலில் நின்றபடியே பேசி முடித்துவிடுகிறோம். மோட்டார் சைக்கிளில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து காற்றில் கத்திப் பேசிய காலத்தில் எங்களுக்குள் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை என்று அவர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிரிந்த பிறகு அவரவர் நாள் அவரவருடையது. இதை நான் மிகவும் பெரிதாக நினைக்கிறேன். நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாள்களில் அலுவலகத்திலிருந்து கிளம்பவே இரவு பத்தைத் தாண்டிவிடும். அப்போது நான் வீட்டுக்குச் சொல்வது "கிளம்பிவிட்டேன்" என்ற ஒரு சொல் மட்டுமே. வெளிச்சமான நிலையம், அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் என்று காட்டும் பலகை, மாலைப் பணி முடிந்து திரும்பும் தாதியர், துணைப்பாட வகுப்பு முடிந்து புத்தகப்பையோடு தூங்கி வழியும் மாணவர்கள் ஆகியோரோடு நானும் ஒருத்தியாக வந்து சேர்கிறேன். எனக்காக யாரும் கண்விழித்து வண்டியை எடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவரும் தூங்கிவிட்டிருப்பார். அவர் தூங்கிவிட்டார் என்பது எனக்கு எவ்வளவு நிம்மதியைத் தருகிறது என்பதைப் பட்டுக்கோட்டையில் இருந்த என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த வசதி தானாக முளைத்ததன்று என்பதை என் கணவர்தான் எனக்குச் சொன்னார். அவர் எதையும் அது எப்படி வந்தது என்று தேடிப் படிக்கும் இயல்புள்ளவர். பெருவிரைவு ரயில் வேண்டுமா வேண்டாமா என்று இந்நாட்டு அமைச்சரவைக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு இருந்திருக்கிறது. நாட்டின் பொருளாதாரத்தை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான கோ கெங் சுவீ, அவ்வளவு பெரிய தொகையை ரயிலில் போடுவதற்குப் பதிலாகப் பேருந்துச் சேவையையே நன்றாக விரிவாக்கினால் போதும் என்று கருதினார். 1980இல் அமெரிக்காவின் ஹார்வர்டிலிருந்து அழைக்கப்பட்ட வல்லுநர் குழுவும் பேருந்தையே பரிந்துரைத்தது. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங், நிலம் குறைந்த தீவில் சாலைகளை எவ்வளவுதான் அகலப்படுத்த முடியும் என்று ரயிலுக்காக விடாமல் வாதாடினார். கடைசியில் 1982 மே மாதத்தில் ஐந்நூறு கோடி வெள்ளிச் செலவில் ரயில் கட்டுவதென்று முடிவாயிற்று. 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு, ஆறு கிலோமீட்டர் தூரத்துக்கு முதல் ரயில் ஓடியது. ரயிலை எதிர்த்தவர்களும் மக்களின் பணத்தை வீணாக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் எதிர்த்தார்கள். இரண்டு தரப்பும் ஊருக்காகவே வாதாடியதால், ரயில் வந்த பிறகும் பேருந்து ஒதுக்கப்படாமல் அதோடு கைகோத்து வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வரலாற்றாசிரியர்கள் இதை வேறு விதமாகவும் சொல்லக்கூடும்; அன்றாடம் இரண்டிலும் ஏறி இறங்குகிறவளின் எண்ணம் இது.

எங்கள் வடகிழக்குத் தடத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2003 ஜூன் 20ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தத் தடத்தில் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, முழுவதும் தானியங்கி. செங்காங்கில் அப்போது இன்றிருப்பதைப் போல வீடுகள் நிறைந்திருக்கவில்லை. ஆனாலும் பெருவிரைவு ரயில் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், இலகு ரயிலின் கிழக்கு வளையம் ஓடத் தொடங்கிவிட்டது. ஆள் வருவதற்கு முன்பே நிலையங்களைக் கட்டி, அந்தப் பகுதியில் வீடுகள் நிறையும் வரை சிலவற்றைப் பூட்டியே வைத்திருந்தார்கள். உட்லீ நிலையம் தடம் திறந்து எட்டு ஆண்டுகள் காத்திருந்து 2011இல் திறந்தது; பொங்கோல் இலகு ரயிலின் தெக் லீ நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறந்தது. புவாங்கோக் நிலையம் கட்டி முடித்தும் திறக்கப்படாமல் கிடந்தபோது, 2005இல் ஓர் அமைச்சர் அந்தப் பகுதிக்கு வந்த நாளில், பயனற்ற பெருஞ்செலவைக் குறிக்கும் வெள்ளை யானைகளை, அட்டையில் எட்டாக வெட்டிச் சாலையோரத்தில் நிறுத்தி வரவேற்றிருக்கிறார்கள் அங்கே குடியிருந்தவர்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் நிலையம் திறந்தது. ஒரு ரயில் நிலையத்துக்காக மக்கள் அவ்வளவு ஏங்கினார்கள் என்பதும், அந்த ஏக்கம் வீண்போகவில்லை என்பதும் புவாங்கோக்கைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். நாங்கள் யாரென்றே தெரியாத காலத்தில், நாளைக்கு இங்கே குடும்பங்கள் வரும், அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும் என்று எண்ணி யாரோ பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். வந்தவர்களுள் நாங்களும் இருக்கிறோம்.

கட்டண முறையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் கணவருக்கு நேரம் போவது தெரியாது. 2010 ஜூலை முதல் இங்கே பயணக் கட்டணம் மொத்தத் தூரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் அட்டையைக் காட்ட வேண்டும்; பேருந்தில் கொஞ்சத் தூரம், ரயிலில் மீதித் தூரம், மறுபடியும் பேருந்து என்று மாறினாலும், இடைப்பட்ட நேரம் வரம்புக்குள் இருந்தால் அதை ஒரே பயணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இப்படி ஐந்து தடவை வரை மாறலாம். வண்டி மாறியதற்காகப் புதிதாக அடிப்படைக் கட்டணம் பிடிப்பதில்லை. இதன் அருமை, பணம் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். நேரடிப் பேருந்து இல்லாத இடத்தில் வாடகை குறைவாக வீடெடுத்திருப்பவர் அதற்காகத் தண்டம் கட்ட வேண்டியதில்லை என்று அவர் சொல்வார். நாங்கள் வந்த புதிதில் ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு வெள்ளிச் சொச்சத்தில் போக முடிந்ததால்தான் எங்களால் இந்த ஊரைப் பார்க்கவே முடிந்தது. வட்டத் தடத்தில் ஏறிப் பூமலைக்குப் போவோம். இங்குள்ள தமிழர்கள் தாவரவியல் பூங்காவை அப்படித்தான் அழைப்பார்கள். 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த அந்தப் பூங்காவின் வாசலிலேயே நிலையம் இருக்கிறது, உள்ளே நுழையக் கட்டணமும் இல்லை. திரும்பும்போது வேண்டுமென்றே மாடிப் பேருந்தில் ஏறி, மேல்தளத்தின் முன் இருக்கை காலியாக இருந்தால் அதில் உட்கார்ந்து, மழைமரங்களின் கிளைகள் கண்ணாடியை உரசிப் போகும் சாலைகளைப் பார்த்தபடி வருவோம். அந்தப் பயணங்களில்தான் இது எங்கள் ஊராக மாறத் தொடங்கியது.

என் மாமியார் வந்து தங்கிய மாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அத்தைக்குத் தமிழ் மட்டும் படிக்கத் தெரியும். தஞ்சாவூருக்குக்கூடத் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவர். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால், பத்தாவது மாடியில் அவர் பகல் முழுவதும் அடைந்து கிடப்பாரே என்ற கவலை எங்களுக்கு இருந்தது. செங்காங்கிலிருந்து ஃபேரர் பார்க் நிலையத்துக்கு வடகிழக்குத் தடத்தில் மாறாமல் போகலாம். அங்கே மேலேறி வந்தால் சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். முதலில் சில தடவை நானே கூட்டிப்போனேன். எங்கள் தடத்து நிலையங்களின் பெயர்ப்பலகையில் ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் எழுதியிருக்கும். அத்தை ஒவ்வொரு நிலையமாகக் கோவன், உட்லீ, போத்தோங் பாசிர், பூன் கெங் என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண்ணும் உண்டு. செங்காங்குக்குப் பதினாறு, ஃபேரர் பார்க்குக்கு எட்டு. எண் குறைந்துகொண்டே வந்து எட்டில் இறங்க வேண்டும், திரும்பும்போது ஏறிக்கொண்டே போய்ப் பதினாறில் இறங்க வேண்டும் என்று அவரே கணக்கை வகுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நாங்கள் எழுந்து பார்ப்பதற்குள் குளித்து, புடவை மாற்றி, "நான் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துவிடுகிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என் கணவர் பின்னாலேயே போகத் துடித்தார், நான்தான் தடுத்தேன். அத்தை மதியத்துக்குள் திரும்பிவந்தார், தேக்கா சந்தையிலிருந்து முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு. அதற்குப் பிறகு அவருக்குத் துணையே தேவைப்படவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலில் சில பெண்களோடு பழகி, அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, வாழ்நாளில் முதன்முறையாக, யாரிடமும் கேட்காமல் தான் நினைத்த நேரத்தில் தான் நினைத்த இடத்துக்குப் போய்வந்தது அயல்நாட்டில்தான் நடந்தது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. விமான நிலையத்தில் விடைபெறும்போது அவர் என்னிடம் சொன்னது, "அந்த ரயில் அட்டையைப் பத்திரமா வை, அடுத்த வருஷம் வருவேன்" என்பதுதான்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பேருந்துகளுக்கு நாங்கள் பட்ட கடன் தனி. தள்ளுவண்டியை மடக்காமல், குழந்தையை எழுப்பாமல் பேருந்தில் ஏற்றிக்கொள்ள 2017 ஏப்ரல் முதல் இங்கே அனுமதி உண்டு. அதற்கு முன்பு ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடக்கிய வண்டியுமாக ஏற வேண்டியிருந்ததாம். அந்த விதியை மாற்றச் சொல்லிக் கேட்ட முன்பின் தெரியாத தாய்மார்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். 2020 இறுதிக்குள் இங்குள்ள பொதுப் பேருந்துகள் அனைத்தும் தாழ்தளப் பேருந்துகளாகி, சக்கர நாற்காலி ஏறும் வகையில் அமைந்துவிட்டன. சக்கர நாற்காலியில் ஒருவர் நிறுத்தத்தில் காத்திருந்தால், ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்து, நடுக்கதவின் அடியிலுள்ள சாய்வுப் பலகையைத் தன் கையால் விரித்து, நாற்காலியைத் தள்ளி ஏற்றி, அதற்குரிய இடத்தில் பொருத்திவிட்டுத்தான் மறுபடியும் போய் உட்காருவார். உள்ளே இருப்பவர்கள் யாரும் உச்சுக்கொட்டுவதில்லை, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் இல்லை. அந்த இரண்டு மூன்று நிமிடங்களை ஒரு பேருந்து முழுவதும் ஒருவருக்காக விட்டுக்கொடுப்பதை முதன்முதலில் பார்த்த அன்று என் கணவர் கண்கலங்கினார். நடக்க முடியாமல் கடைசி ஆண்டுகளில் திண்ணையை விட்டு நகராமலேயே மறைந்த தன் தந்தையை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர்களுள் சிங்கப்பூரர்களும் இருக்கிறார்கள், மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். முதல் பேருந்தை ஓட்டுவதற்காக விடியலுக்கு முன்பே ஜொகூர் பாலத்தைக் கடந்து வருகிறவர்கள் உண்டு. எங்கள் வட்டாரத்தில் ஓடும் ஒரு பேருந்தின் ஓட்டுநர், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தலையசைத்து வணக்கம் சொல்வார். என் மகள் இறங்கும்போது "தேங்க்யூ அங்கிள்" என்று முன்பக்கம் கேட்கும்படி கூவுவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறாள். அவர் கண்ணாடியில் பார்த்துக் கையை உயர்த்துவார்.

கண்ணில் படாதவர்களும் இருக்கிறார்கள். நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போன பிறகு, விடியற்காலை ஐந்தரை மணியளவில் முதல் ரயில் கிளம்புவதற்குள், தண்டவாளத்தில் வேலை செய்யக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் மட்டுமே. அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்து, கருவிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கி, தண்டவாளத்தைச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, கொண்டுபோன ஒவ்வொரு கருவியும் திரும்பிவிட்டதா என்று எண்ணிப் பார்த்து, வெளியேற வேண்டும். ஆண்டுகள் கூடக்கூடப் பாதை பழையதாகிறது, வேலை கூடுகிறது. நேரம் மட்டும் கூடுவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் ரயில் பாதை கட்டுமானத்தில் இரவுப் பணி செய்கிறார். ஞாயிறு மாலை தேக்காவில் சந்திக்கும்போது, "அக்கா, நீங்க தூங்குற நேரத்துல நாங்க கீழே இருக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த எத்தனையோ பேருடைய உழைப்பு இந்தச் சுரங்கங்களில் இருக்கிறது. வட்டத் தடத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 2004 ஏப்ரல் 20ஆம் தேதி, நிக்கல் நெடுஞ்சாலையருகே பள்ளத்தின் தாங்குசுவர் சரிந்து நான்கு பேர் மாண்டார்கள். பிறகு அந்த நிலையத்தையே இடம் மாற்றிக் கட்டினார்கள். அலுவலகம் போக நான் தினமும் ஏறுவது அந்தத் தடம்தான் என்பதால், அந்த நான்கு பேரையும் இங்கே குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பணிக்களப் பாதுகாப்பைப் பற்றியும், வெளிநாட்டு ஊழியர்களைச் சரக்கு லாரிகளின் பின்பகுதியில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே தொடர்ந்து குரல் எழுகிறது. ரயில் கட்டுகிறவரும் ரயில் பயணியைப் போலவே பாதுகாப்பாக வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை.

பழுதே வராத ஏற்பாடு என்று சொல்லி மிகைப்படுத்த மாட்டேன். 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்குத் தடத்தில் ஒரு ரயிலின் அச்சுப் பகுதி கழன்று விழுந்து தண்டவாளம் நெடுந்தூரம் சேதமானபோது, ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள்கள் சேவை தடைப்பட்டது. என் கணவரின் அலுவலகத்தில் மேற்கிலிருந்து வருகிறவர்கள் அந்த நாள்களில் வெகு முன்னதாகவே கிளம்பி, இலவச இணைப்புப் பேருந்துகளுக்கு நீண்ட வரிசையில் நின்று வந்தார்கள். எரிச்சல் இருந்தது, செய்தித்தாள்களில் கடுமையான கேள்விகளும் எழுந்தன, எழத்தான் வேண்டும். அதே நாள்களில் இரவு பகலாகத் தண்டவாளத்தில் நின்றவர்களின் படங்களும் வந்தன. ஒரு தடம் ஆறு நாள் நின்றதற்கே நாடு முழுவதும் பேசியது என்பதிலிருந்தே மற்ற நாள்களில் இது எவ்வளவு ஒழுங்காக ஓடுகிறது என்பது விளங்கும் என்றார் என் கணவர். நான் அவ்வளவு எளிதாக ஆறுதல் கொள்கிறவள் அல்லள். பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து ஞாயிறு காலைகளில் சில நிலையங்களை மூடினால் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அந்த வாரத்தில் மனத்தில் பதித்துக்கொண்டேன்.

இப்போது ஹவ்காங் பக்கம் போனால் வேலியடைத்த கட்டுமானத் தளங்களைப் பார்க்கலாம். தீவைக் கிழக்கு மேற்காக ஊடுருவிப் போகும் புதிய தடத்தின் முதற்கட்டம், பன்னிரண்டு நிலையங்களோடு, 2030ஆம் ஆண்டையொட்டித் திறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஹவ்காங் அதில் எங்கள் தடத்தோடு சேரும் சந்திப்பாகும். பாசிர் ரிஸிலிருக்கும் என் அலுவலகத் தோழி வீட்டுக்குப் போக இப்போது சுற்றிக்கொண்டு போகிறோம், அப்போது ஹவ்காங்கில் மாறினால் போதும். வேலித்தகரத்தில் ஒட்டியிருக்கும் வரைபடத்தின் முன் என் மகளைத் தூக்கிப் பிடித்து, எந்த நிலையம் எங்கே வரும் என்று என் கணவர் விளக்கிக்கொண்டிருப்பார். நான் காய்கறி வாங்கித் திரும்பும் வரை அந்த வகுப்பு நடக்கும்.

நன்றியை மனத்தில் வைத்திருந்தால் மட்டும் போதாது என்று நாங்கள் பேசிவைத்திருக்கிறோம். பேருந்து நிறுவனங்களின் இணையதளத்தில் குறை சொல்வதற்கு இருக்கும் அதே படிவத்தில் பாராட்டும் எழுதலாம். பேருந்துச் சேவை எண், வண்டியின் பதிவெண், நாள், நேரம், ஏறிய நிறுத்தத்தின் ஐந்திலக்க எண் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்தால், ஓட்டுநர் யார் என்று அவர்கள் கண்டுபிடித்து அவரிடம் சேர்த்துவிடுகிறார்கள். சாய்வுப் பலகையை விரித்த ஓட்டுநருக்கும், ஓடிவந்த ஒரு பாட்டிக்காகக் கதவைத் திறந்து காத்திருந்தவருக்கும், கொட்டும் மழையில் வண்டியை நடைபாதையின் கூரைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திய பெண் ஓட்டுநருக்கும் அப்படி எழுதியிருக்கிறோம். பதிவெண்ணைக் குறிப்பது என் கணவரின் வேலை, தட்டச்சு செய்வது என்னுடையது. அத்தை தைப்பூசத்துக்கு வரப்போகிறார். பெருமாள் கோயிலில் கிளம்பும் பால்குடங்களைப் பார்த்துவிட்டு, டோபி காட்டில் இறங்கி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை தானே போய்க்கொள்வதாக இப்போதே சொல்லிவிட்டார். அவருடைய அட்டையில் பணம் ஏற்றி வைத்தாகிவிட்டது.